மாதிரி விமானமும் மாறும் வானிலையும்: வாசகர் கேள்வி – பதில்

மாதிரி விமானம் பறக்கவிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இம்முறை வானிலையைப் பற்றியே இருந்தன. ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: காற்றை எதிர்த்துச் செல்லும்போது என் விமானம் நிதானமாகப் பறக்கிறது. காற்று வீசும் திசைக்கே அதைத் திருப்பினால், சில வேளைகளில் மூக்கைக் குத்திக்கொண்டு கீழே விழுகிறது. பின்னாலிருந்து வரும் காற்று இறக்கையின் தூக்குவிசையைப் பறித்துவிடுகிறது என்று நண்பர்கள் விளக்கம் தருகிறார்கள். அது உண்மைதானா?

பதில்: பரவலாக நம்பப்படும் விளக்கம்தான், ஆனால் சரியானதன்று. சீராக வீசும் காற்றில் பறக்கும் விமானம் அந்தக் காற்றோடு சேர்ந்தே நகர்கிறது. ஆற்றில் நீந்தும் மீனுக்குக் கரை எவ்வளவு விரைவாகப் பின்னால் போகிறது என்பது எப்படிப் பொருட்டில்லையோ, அப்படியே விமானத்துக்குத் தரை ஒரு பொருட்டில்லை. காற்று முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்பது தரையில் நிற்கும் நமக்குத்தான் வேறுபாடு; இறக்கை அறிவது தன்மீது பாயும் காற்றின் வேகத்தை மட்டுமே.

அப்படியானால் விமானம் ஏன் விழுகிறது? அதை விழவைப்பது பெரும்பாலும் நம் கண்தான். உங்கள் விமானம் காற்றுக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்றும், காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்றில் அது தரைக்கு மேல் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதுபோல் தெரியும். திரும்பியவுடன் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதுபோல் தெரியும். அந்த ஓட்டத்தைக் கண்டு மிரண்டு, தரைக்கு மேல் 50 என்ற பழகிய வேகம் வரும்வரை நீங்கள் இயந்திர வேகத்தைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைக் குறைத்து, மூக்கை உயர்த்தும் எலிவேட்டரை இழுத்தால், காற்றுக்குள் அதன் வேகம் 30-ஆகச் சுருங்கிவிடும். அந்த விமானம் 35-க்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழந்து ‘ஸ்டால்’ ஆகும் என்றால், அது விழுந்தே தீரும். பார்ப்பவருக்கோ வேகமாகப் போய்க்கொண்டிருந்த விமானம் காரணமின்றி விழுந்ததாகத் தோன்றும்.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. காற்று தள்ளுவதால் திருப்பம் நாம் நினைத்த இடத்தைத் தாண்டிப் போகிறது. அதைப் பிடித்து நிறுத்த, சாய்வைக் கூட்டி எலிவேட்டரை இன்னும் இழுக்கிறோம். உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்வில் திரும்பும் விமானத்தின் ஸ்டால் வேகம் சுமார் 19 விழுக்காடும், 60 டிகிரி சாய்வில் சுமார் 41 விழுக்காடும் உயர்ந்துவிடும். குறைந்த வேகமும் கூடிய சாய்வும் ஒன்றுசேரும் இடம் அதுதான். ஆகவே காற்றுள்ள நாளில் திருப்பத்தை உயரத்தில் தொடங்குங்கள், அகலமாக எடுங்கள், திராட்டிலை எதிர்காற்றில் வைத்திருந்த இடத்திலேயே வைத்திருங்கள். விமானத்தின் வேகத்தைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், மூக்கு எந்த அளவு உயர்ந்திருக்கிறது, கட்டுப்பாடுகளுக்கு எவ்வளவு விரைவாக அது இசைகிறது என்பவற்றைக் கொண்டு கணியுங்கள்.

பின்காற்று நமக்குப் பகையன்று என்பதற்கு ஒரு சான்று சொல்லத் தோன்றுகிறது. மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கரின் குழு உருவாக்கிய, 5 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள மாதிரி விமானம் 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் புறப்பட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. 3,000 கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த அந்தத் தொலைவை அது 39 மணி நேரத்துக்குள் கடந்தது. அக்கடற்பகுதியில் மேற்கிலிருந்து கிழக்காகவே காற்று மிகுதியாக வீசும் என்பதால்தான் பயணத்தின் திசையும் அப்படி அமைந்தது.

கேள்வி: தரையிறங்கும்போது, ஓடுதளத்துக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் விமானம் ‘பொத்’தென்று விழுகிறது. காற்று இல்லாத நாள்களில் இப்படி நடப்பதில்லை.

பதில்: முந்தைய பதிலில் ‘சீராக வீசும் காற்று’ என்று சொன்னேன், தரைக்கு அருகில் காற்று சீராக இருப்பதில்லை. புல், புதர், மேடு ஆகியவற்றின் உராய்வால் தரையை ஒட்டிய காற்று மெதுவாகவும், மேலே போகப் போக விரைவாகவும் வீசுகிறது. பத்து மீட்டர் உயரத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்த எதிர்காற்று, தரையருகே 10 கிலோமீட்டராகக் குறைந்திருக்கலாம். அந்த அடுக்குகளின் வழியே விரைவாக இறங்கும் விமானம், வேகத்தைத் திரும்பப் பெறக் காலம் கிடைப்பதற்குள் இறக்கைக்குத் தேவையான காற்றோட்டத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. எனவே காற்றுள்ள நாளில் இயந்திரத்தை முழுவதும் அணைத்துவிட்டு இறங்காமல், சிறிது திராட்டிலோடும் வழக்கத்தைவிடக் கூடுதலான வேகத்தோடும் இறங்குங்கள். எதிர்காற்று இருப்பதால் தரையில் அது நீண்ட தூரம் ஓடாது.

கேள்வி: எவ்வளவு காற்று வரை பறக்கவிடலாம்? காற்றளவி இல்லாமல் இதை அறிய வழி உண்டா?

பதில்: பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் வகுத்த அளவுகோலைப் பின்னாளில் நிலத்துக்கும் பொருத்தி வைத்திருக்கிறார்கள், அது இன்றும் போதுமானது. முகத்தில் காற்று படுவது தெரிந்து, இலைகள் சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. புழுதியும் காகிதமும் எழும்பிச் சிறு கிளைகள் அசைந்தால் 20 முதல் 28. இலையடர்ந்த சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் 29 முதல் 38. புதிதாகப் பழகுபவர் இவற்றில் இரண்டாவது நிலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு நான் சொல்லும் வரம்பு, விமானத்தின் வழக்கமான வேகத்தில் பாதியைக் காற்று எட்டக் கூடாது என்பதே. அதற்கு மேல் போனால், தொலைவில் இருக்கும் விமானத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடக் கூடும்.

ஆனால் வேகத்தைவிடக் காற்றின் ஏற்ற இறக்கம்தான் கூடுதல் தீங்கு செய்கிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக வீசும் காற்றில் விமானம் அழகாகப் பறக்கும். 8-க்கும் 22-க்கும் இடையே மாறி மாறி வீசும் காற்றில் அதே விமானம் தடுமாறும். காற்று எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். மரவரிசைக்கோ கட்டடத்துக்கோ பின்னால் காற்று சுழல்களாக உடைந்து வருகிறது. அந்தக் கலக்கம் தடையின் உயரத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான தொலைவு வரை நீடிக்கலாம். பத்து மீட்டர் மரங்கள் காற்று வரும் பக்கம் நின்றால், நூறு மீட்டருக்கு இப்பாலும் இறங்குவது கடினமாகத்தான் இருக்கும். அந்த மைதானத்தைக் கைவிட வேண்டியதில்லை. காற்று வேறு பக்கம் திரும்பும் நாளில் அதே இடம் நல்ல இடமாகிவிடும்.

கேள்வி: என் விமானத்தில் நிலைப்படுத்தும் கைரோ பொருத்தியிருக்கிறேன். இனிக் காற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?

பதில்: கைரோ, விமானம் புரள்வதையும் குலுங்குவதையும் உணர்ந்து திருத்தும், காற்றுவேகம் குறைந்துவிட்டதை அது அறியாது. ஸ்டாலை நெருங்கும் விமானத்தை மட்டமாகப் பிடித்து வைப்பதற்காக இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் பகுதியான ஐலரானைத் திருப்பி, இறக்கையின் நுனியை முன்கூட்டியே ஸ்டாலுக்குள் தள்ளிவிடவும் கூடும். மின்னிணைப்புக் கொடுத்தவுடன் சில நொடிகள் விமானம் அசையாமல் இருந்தால்தான் கைரோ தன் தொடக்க நிலையைச் சரியாகக் குறித்துக்கொள்ளும் என்பதால், காற்றடிக்கும்போது இறக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேட்டரியை இணையுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் சிறிய திடலிலிருந்து துள்ளி எழுந்த விமானம், கடும் கோடையின் நண்பகலில் நீண்ட தூரம் ஓடித்தான் எழுகிறது; இறங்கும்போதும் திடலைத் தாண்டுகிறது. விமானத்தில் எதையும் மாற்றவில்லை.

பதில்: விமானம் மாறவில்லை, காற்று மாறியிருக்கிறது. கடல்மட்ட அழுத்தத்தில், 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.29 கிலோ, 40 டிகிரியில் அது சுமார் 1.13 கிலோவாகக் குறைகிறது. தூக்குவிசை காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. எனவே குளிரில் தாங்கிய அதே எடையை வெப்பத்தில் தாங்க, விமானம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் வேகத்தில் பறக்க வேண்டும். 7 விழுக்காடு என்பது சிறிதாகத் தோன்றினாலும், தரையில் ஓடும் தொலைவு வேகத்தின் இருமடியைப் பொறுத்து வளர்வதால், அது ஏறத்தாழ 15 விழுக்காடாகிவிடுகிறது. புரொப்பெல்லரும் அதே மெலிந்த காற்றைத்தான் தள்ளுகிறது என்பதால், அதன் இழுவையும் குறைந்து ஓட்டம் இன்னும் நீள்கிறது.

ஈரப்பதமும் இதே திசையில் வேலை செய்கிறது. புழுக்கமான காற்று கனமானது என்று நாம் உணர்கிறோம். உண்மையில் நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது, ஆகவே ஈரக் காற்று அடர்த்தி குறைந்தது. ஆனால் 30 டிகிரியில் காற்று முழுக்க ஈரம் ஏறினாலும் இழப்பு 2 விழுக்காட்டுக்குள்தான் இருக்கும். வெப்பத்தோடும் உயரத்தோடும் ஒப்பிட்டால் இது பெரிதன்று. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்துக்குப் போனால், குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே நீங்கள் கண்ட அளவு வேறுபாட்டை ஒரே நாளில் காண்பீர்கள்.

செய்யக்கூடியது எளியது. தேவையற்ற எடையைக் குறையுங்கள், கோடையில் இறங்கும் வேகத்தைச் சிறிது கூட்டுங்கள், அல்லது வெயில் ஏறுவதற்கு முன்பே பறக்கவிட்டு முடித்துவிடுங்கள். மூன்றாவது வழியே எனக்கு உகந்தது. காலைக் காற்றில் கொந்தளிப்பும் குறைவு.

கேள்வி: இயந்திரமில்லாத கிளைடர் ஒன்றைப் பறக்கவிட்டேன். நண்பகலில் அது இறங்க மறுத்து, மேலே மேலே போய்ப் புள்ளியாகிவிட்டது. இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பலர் இதற்காகவே தவம் கிடக்கிறார்கள்! நீங்கள் தெர்மல் எனப்படும் வெப்பக் காற்றெழுச்சிக்குள் நுழைந்திருக்கிறீர்கள். உழுத மண், பாறை, தார்ச்சாலை போன்றவை அருகிலுள்ள புல்வெளியைவிட விரைவாகச் சூடேறுகின்றன. அவற்றின்மேல் உள்ள காற்று சூடாகி, ஒரு கட்டத்தில் தரையைவிட்டுப் பிரிந்து எழுகிறது. அது எழும்போது சுற்றியுள்ள காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடிவருவதால், தரையில் நிற்பவருக்குக் காற்றின் திசை சட்டென்று மாறுவது தெரியும். பருந்துகள் சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறுவது இன்னும் நம்பகமான அடையாளம்.

வெளியேறும் வழியும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. எழும் காற்றைச் சுற்றிலும் இறங்கும் காற்று உண்டு. ஆகவே வட்டமிடுவதை நிறுத்திவிட்டு, ஒரே நேர்கோட்டில், முடிந்தால் காற்று வரும் திசையை நோக்கிச் செல்லுங்கள். பின்காற்றின் திசையில் ஓடினால் வீடு திரும்பும் தொலைவு கூடும். தூக்குவிசையைக் குறைக்கும் ஸ்பாய்லரோ, பிரேக்காகப் பயன்படும் ஃபிளாப்போ இருந்தால் முழுவதும் விரியுங்கள். மூக்கைச் செங்குத்தாகக் குத்தி இறக்க மட்டும் முயலாதீர்கள். வேகம் எல்லை மீறினால் இறக்கை அதிர்ந்து முறிந்துவிடும். வேறு வழியே இல்லையென்றால், வலுவான சிறு கிளைடர்களை எலிவேட்டரை முழுவதும் இழுத்து, வாலிலுள்ள திசைதிருப்பியான ரட்டரை ஒரு பக்கம் முழுவதும் தள்ளி, சுழன்று இறங்கச் செய்யலாம். அந்த நிலையில் வேகம் அளவோடு நிற்கும். வானொலிக் கட்டுப்பாடு இல்லாத மாதிரிகளில், குறித்த நேரம் கழிந்ததும் பின்வால் மேல்நோக்கி மடங்கி விமானத்தை மட்டமாகவே கீழே இறக்கும் ஏற்பாடு வெகுகாலமாக இருந்துவருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணை எடுக்காதீர்கள். புள்ளியாகிவிட்ட விமானத்தை ஒரு நொடி விட்டுவிட்டால் மீண்டும் கண்டுபிடிப்பது அரிது.

கேள்வி: கடுங்குளிரில் பேட்டரி பாதி நேரம்கூட நிற்பதில்லை. பேட்டரி கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. லித்தியம் பாலிமர் பேட்டரிக்குள் அயனிகளின் ஓட்டம் குளிரில் மந்தமாகிறது; உள்மின்தடை உயர்கிறது. நீங்கள் திராட்டிலைக் கூட்டியவுடன் மின்னழுத்தம் சரிந்து, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ‘பேட்டரி தீர்ந்தது’ என்று முடிவுசெய்து மோட்டாரை நிறுத்திவிடுகிறது. உள்ளே மின்சக்தி மீதமிருக்கும், எடுக்க முடியாது. அறைக்குக் கொண்டுவந்து அளந்தால் அது தெரியும்.

பறக்கவிடும் வரை பேட்டரியை உள்சட்டைப் பையிலோ வெப்பம் காக்கும் பெட்டியிலோ வைத்திருங்கள். முதல் ஒரு நிமிடம் திராட்டிலை மிதமாகவே வைத்தால், மின்னோட்டமே அதைச் சூடாக்கிக்கொள்ளும். நேரங்காட்டியைக் குளிர்காலத்துக்கென்று குறைத்து அமையுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரிக்கு ஒருபோதும் மின்னேற்றம் செய்யாதீர்கள். அப்போது லித்தியம் உலோகப் படிவாகத் தங்கி, பேட்டரியை நிலையாகக் கெடுப்பதோடு தீப்பற்றும் வாய்ப்பையும் உண்டாக்கும். கோடையில் கவனம் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும்: வெயிலில் மூடிய காருக்குள் பேட்டரியை விடக் கூடாது, பறந்து முடிந்த சூட்டோடு மின்னேற்றவும் கூடாது. மழைக்காலம் போன்று வாரக்கணக்கில் பறக்கவிடாத நாள்களில், செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் நிறைவோடு வைக்காமல் சுமார் 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

கேள்வி: தூறலில் பறக்கவிடலாமா?

பதில்: விமானம் தாங்கினாலும் கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டர் தாங்காது, கட்டுப்பாட்டுக் குச்சிகளைச் சுற்றியுள்ள இடுக்குகள் வழியே நீர் நேராக உள்ளே இறங்கும். மழை தொடங்கினால் உடனே இறக்கி, பேட்டரியைக் கழற்றி, எல்லா மூடிகளையும் திறந்து உலரவிடுங்கள்.

இடி என்றால் இதற்கும் முன்பே நிறுத்த வேண்டும். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 நொடி இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவும் பாதுகாப்பானதன்று. இடி காதில் விழுந்தால் பறத்தல் முடிந்தது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். வெட்டவெளியில் நிற்பவற்றிலேயே உயரமானது நீங்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள். மழைமேகத்தின் அடியிலிருந்து பரவிவரும் குளிர்ந்த காற்று, மழைக்கு முன்பே திடீரென்று வேறு திசையிலிருந்து தாக்கும். புழுக்கமான பிற்பகலில் சட்டென்று குளிர்காற்று முகத்தில் பட்டால், அதை மகிழ்ச்சியாக அனுபவித்துக்கொண்டு நிற்காமல் விமானத்தை இறக்குங்கள்.

கேள்வி: மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது பால்சா என்ற இலேசான மரத்தாலான இறக்கை முறுக்கியிருந்தது. மேலுறையும் தொய்ந்திருந்தது.

பதில்: பால்சா ஈரத்தை உறிஞ்சும், ஒரு பக்கம் கூடுதலாக உறிஞ்சினால் முறுக்கிக்கொள்ளும். இறக்கையை எதிர்த்திசையில் மெல்ல முறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலுறையைச் சூடாக்கி இறுக்கி, ஆறும்வரை பிடித்திருந்தால் பெரும்பாலும் நேராகிவிடும். அடுத்த முறை சுவரில் சாய்த்து வைக்காமல், பல இடங்களில் தாங்கலோடு கிடத்தி வையுங்கள். ஃபோம் விமானத்துக்கு ஈரத்தால் கேடில்லை. அதற்குப் பகை வெயிலில் நிற்கும் காரும் அடர்நிற வண்ணப்பூச்சும்தான்.

கேள்வி: மேகமூட்டமான நாளில் விமானம் என்னை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்றே தெரியவில்லை.

பதில்: சாம்பல் வானத்தின் முன் எல்லா நிறமும் கருநிழலாகிவிடும். வெள்ளை, வெளிர்நீலம், வெள்ளிநிறம் ஆகியவை முதலில் மறையும். இறக்கையின் மேற்புறத்தை ஒரே பளிச்சென்ற நிறத்திலும், கீழ்ப்புறத்தை அகலமான கருப்புப் பட்டைகளோடும் அமைத்தால், எந்தப் புறத்தைப் பார்க்கிறோம் என்பது தெரியும். குழப்பம் வந்துவிட்டால் மெதுவாக ஒரு பக்கம் திருப்பிப் பாருங்கள். வலப்பக்கம் திருப்பும்போது விமானம் உங்கள் இடப்பக்கமாக நகர்ந்தால், அது உங்களை நோக்கி வருகிறது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால், அதன் குறுக்கே பறக்கும் சிக்கல் கூடும். தவறி நுழைந்துவிட்டால் குச்சிகளை அசைக்காமல் அப்படியே பிடித்திருங்கள், மறுபக்கம் எதிர்பார்த்த இடத்திலேயே விமானம் வெளிவரும். போலராய்டு கண்ணாடி அணிந்தால், சில டிரான்ஸ்மிட்டர்களின் திரை கருத்துப்போய் எண்கள் தெரியாமல் போகும். வாங்குவதற்கு முன் திரையைப் பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெத்தனாலில் ஓடும் குளோ இயந்திரத்தில் எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசியைப் பருவத்துக்குப் பருவம் திருப்ப வேண்டுமா?

பதில்: பருவத்துக்கு மட்டுமன்று, காலைக்கும் நண்பகலுக்குமே திருப்ப வேண்டியிருக்கலாம். குளிர்ந்த அடர்காற்றில் ஆக்சிஜன் மிகுதி. அதற்கு ஈடாக எரிபொருளும் மிகுதியாக வேண்டும் என்பதால் ஊசியைச் சிறிது திறக்க வேண்டும். வெப்பமும் புழுக்கமும் உள்ள நாளில் சிறிது மூட வேண்டும்; ஆனால் எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் இயந்திரத்தைக் குளிர்விக்கவும் உயவிடவும் செய்கிறது என்பதால், உச்ச வேகம் வரும்வரை மூடாமல் அதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். பறக்கவிடுவதற்கு முன், முழுத் திராட்டிலில் மூக்கை வானை நோக்கித் தூக்கிப் பிடியுங்கள். சுழற்சி சிறிது கூடினால் அமைப்பு சரி. குறைந்தால் ஊசியை இன்னும் திறவுங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மழைக்காலத்தில் எரிபொருள் கலத்தின் மூடியை இறுக மூடிவையுங்கள். திறந்து கிடந்த எரிபொருளோடு எந்த ஊசி அமைப்பும் நிலைக்காது.